கார் விளக்கும் வானொலி இரைச்சலும்

விளக்கிலிருந்து வரும் ஒளியும் வானொலி நிலையத்திலிருந்து வரும் அலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் மின்காந்த அலைகளே. இரண்டும் வெற்றிடத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்பவை. வேற்றுமை அலையின் நீளத்தில்தான் இருக்கிறது. பச்சை ஒளியின் ஓர் அலை, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கு. மத்திய அலை வானொலியின் ஓர் அலையோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது.

இவ்வளவு நெருங்கிய உறவுடைய இருவரும் ஒரு மோட்டார் காருக்குள் சேர்ந்திருக்கும்போது சில சமயம் பகைத்துக் கொள்கின்றனர். முகப்பு விளக்கைப் போட்டவுடன் வானொலியில் இரைச்சல் எழுகின்றது; விளக்கை அணைத்தால் இரைச்சலும் அடங்கிவிடுகின்றது. காருடன் வந்த பழைய பல்பைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பைப் பொருத்தியவர்களில் பலர் இதனை அனுபவித்திருப்பார்கள். இது ஏன் நிகழ்கிறது, இதற்குப் பரிகாரம் என்ன என்பதே நான் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சாலையை எடுத்துக்கொள்வோம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இவை. மேற்கே மலைத்தொடர் கூடவே வருகிறது. மார்கழி மாதத்து விடியலில் ஆண்டாள் கோயிலுக்குச் செல்வோரும், நூற்பாலையில் இரவு முறை முடித்து வீடு திரும்புவோரும் இச்சாலையில் விளக்கு ஏற்றித்தான் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் காரிலுள்ள வானொலியில் திருப்பாவை கேட்டுக்கொண்டே போக விரும்புவோர் உண்டு. திருநெல்வேலி நிலையத்தின் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸிலும், கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸிலும் அமைந்தவை. இவை தொலைவிலிருந்து வருபவை. மலையின் மறைவிலும், தொலைவின் காரணமாகவும் இவற்றின் வலிமை குறைந்தே இங்கு வந்து சேரும். உரத்துப் பேசும் ஒருவர் குரலைச் சிறு சலசலப்பு ஒன்றும் செய்யாது. மெல்லப் பேசுபவர் குரலை அதே சலசலப்பு விழுங்கிவிடும். இரைச்சல் எவ்வளவு என்பதைவிட, வரும் குரலுக்கு முன் அது எவ்வளவு என்பதே முக்கியம் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

காரும் வானொலியும் பகைத்துக் கொள்வது புதிதன்று. 1880-களின் பிற்பகுதியில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை முதன்முதலில் சோதனைச் சாலையில் உண்டாக்கிக் காட்டினார். அதற்கு அவர் கையாண்ட கருவி என்ன தெரியுமா? இரண்டு உலோகக் குமிழ்களுக்கிடையே தாவிய ஒரு மின்பொறிதான். பெட்ரோல் காரின் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கிலும் அத்தகைய பொறி நிமிஷத்திற்குப் பல நூறு தடவை தாவுகின்றது. ஆகவே, பெட்ரோல் கார் ஒவ்வொன்றும் தன்னையறியாமலே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாக இருந்து வருகிறது எனலாம். 1930-இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, இப்பொறியின் இரைச்சலை அடக்குவதே அவர்கள் முன்னிருந்த பெரும் பிரச்சினைகளில் ஒன்றாக இருந்தது. மின்தடை சேர்த்த வயர்களும் மின்தேக்கிகளும் நாளடைவில் அந்த இரைச்சலை அடக்கின.

அக்காலத்தில் விளக்கு மட்டும் குற்றமற்றதாகவே இருந்தது. பழைய பல்பினுள் இருப்பது டங்ஸ்டன் இழை. மின்னோட்டம் பாயும்போது இழை சூடேறி ஒளிர்கிறது. 60 வாட் பல்பில், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஓட்டம் ஆற்றொழுக்குப் போல ஒரே சீராகச் செல்கிறது. ஏற்ற இறக்கம் இல்லாத மின்னோட்டம் அலையை எழுப்புவதில்லை. குளத்தில் கையை அசையாமல் வைத்திருந்தால் அலை எழாது; கையை மேலும் கீழும் அசைத்தால்தான் எழும். ஆலஜன் பல்பும் இழை விளக்கே. எனவே அதுவும் வானொலிக்கு இடையூறு செய்வதில்லை.

எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் டையோடின் இயல்பு வேறு. வெள்ளொளி தரும் ஒரு டையோடுக்குச் சுமார் 3 வோல்ட் போதும். காரின் மின்னழுத்தமோ எஞ்சின் நிற்கும்போது 12 வோல்ட்டும், ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட்டுமாக மாறிக்கொண்டிருக்கும். டையோடில் மின்னழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் மிகுதியாகக் கூடிவிடும், டையோடு கருகிப்போகும். ஆதலால் மின்னோட்டத்தை அளந்து கொடுக்க ஒரு காவலன் தேவை. மின்தடையை அந்த வேலைக்கு வைத்தால் மின்சாரத்தின் பெரும் பகுதி வீணே வெப்பமாகப் போகும். அதனால் டிரைவர் என்று அழைக்கப்படும் ஒரு சிறு மின்சுற்றை அமைக்கிறார்கள். இந்த டிரைவர், பாட்டரியிலிருந்து வரும் ஓட்டத்தை வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்தும் மூடியும், துண்டு துண்டாக வெட்டி, ஒரு சுருளிலும் மின்தேக்கியிலும் சேர்த்து, தேவையான அளவை மட்டும் டையோடுக்கு வழங்குகிறது. மிகச் சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் குளத்தில் அசையாதிருந்த கை, இப்போது வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை அசையத் தொடங்கிவிட்டது! இரைச்சலுக்குக் காரணம் விளக்கின் ஒளி அன்று; ஒளிக்குப் பின்னால் இருந்து மின்சாரத்தை வெட்டும் இந்தக் கத்தரிக்கோலே.

இனி ஒரு சிறு கணக்கு. டிரைவர் வினாடிக்கு 4 லட்சம் தடவை வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 400 கிலோஹெர்ட்ஸ். இது மத்திய அலை வரிசைக்குக் கீழே இருப்பதால் தொல்லையில்லை என்று தோன்றும். ஆனால் திடீர் திடீரென்று திறந்து மூடும் மின்னோட்டம் தன் அடிப்படை அதிர்வெண்ணோடு நிற்பதில்லை. அதன் மடங்குகளையும் உடன் பிறப்பிக்கிறது. வீணையின் ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுருதியோடு மேற்சுருதிகளும் சேர்ந்து ஒலிப்பதைப் போன்றது இது. 400-இன் மடங்குகள் 800, 1200, 1600. இவற்றுள் 1200 என்பது 1197-க்கு மிக அருகில் இருக்கிறது அல்லவா? திருநெல்வேலியின் அலையும் இந்த 1200-உம் வானொலிப் பெட்டிக்குள் சேரும்போது, அவற்றின் வித்தியாசமான 3 கிலோஹெர்ட்ஸ், காதுக்குக் கேட்கும் கூரிய சீழ்க்கை ஒலியாக வெளிப்படும். டிரைவர் சூடேறச் சூடேற அதன் வெட்டும் வேகம் சற்றே மாறும். 400 என்பது 399.5 ஆனால் மூன்றாம் மடங்கு 1198.5, சீழ்க்கை 1.5 கிலோஹெர்ட்ஸாகத் தாழும். விளக்குப் போட்ட சில நிமிஷங்களில் சீழ்க்கையின் சுருதி தானே இறங்குவதும் ஏறுவதும் இதனால்தான்.

பண்பலை இதற்குத் தப்புமா? பண்பலைப் பெட்டி அலையின் உயரத்தைப் பாராமல் அதிர்வெண்ணின் மாற்றத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சலை ஓரளவு தாங்கும். 400 கிலோஹெர்ட்ஸின் இருநூற்றைம்பதாம் மடங்கே 100 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவு உயர்ந்த மடங்கு வலிமை குன்றியதாகவே இருக்கும். ஆயினும் இங்கே வேறொரு சங்கடம் உண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். கால் அலை நீளமுள்ள வயர் நல்ல ஏரியலாக வேலை செய்யும் என்பது வானொலியின் பாலபாடம். விளக்குக்குச் செல்லும் வயர் பெரும்பாலும் அந்த அளவிற்கு அருகிலேயே இருக்கும்! ஆகவே வலிமை குன்றிய மடங்குகளும் அந்த வயரின் துணையால் வெளியே கிளம்பிவிடுகின்றன. பண்பலையில் சீழ்க்கை கேளாது. தூரத்து நிலையம் மட்டும் வழக்கத்தைவிட முன்னதாகவே மங்கி மறைந்துபோகும். காரோட்டி, மலை மறைக்கிறது என்று எண்ணிக்கொள்வார்.

நோய் நாடி, அதன் முதல் நாடுவதுதானே முறை? பௌதிகம் கற்பிக்கும் எனக்கு, இத்தகைய கார் ஒன்றை ராஜபாளையத்தில் என் மாணவர் இருவருடன் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. அதற்குத் தேவைப்பட்ட கருவி, பாட்டரியில் இயங்கும் ஒரு கையடக்கமான மத்திய அலை டிரான்சிஸ்டர் பெட்டி மட்டுமே.

முதற் சோதனை: எஞ்சினை நிறுத்தி, வானொலியை மட்டும் இயக்கி, பிறகு விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் அப்போதே எழுந்தால் குற்றம் விளக்கினுடையது. எஞ்சின் ஓடும்போது மட்டும், வேகத்தோடு கூடும் டிக்டிக் ஒலி கேட்டால் அது ஸ்பார்க் பிளக்கின் வேலை. வேகத்தோடு உயரும் முனகல் கேட்டால் அது ஆல்டர்னேட்டரின் வேலை. எங்கள் காரில் விளக்கே குற்றவாளி என்று தெரிந்தது.

இரண்டாவது சோதனை: வானொலியின் பின்புறத்திலிருந்து ஏரியல் வயரைக் கழற்ற வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டால் அது காற்றின் வழியாக ஏரியலில் புகுகிறது என்று பொருள். நில்லாவிட்டால் மின்சாரம் தரும் வயரின் வழியாகவே பெட்டிக்குள் நுழைகிறது என்று பொருள். வந்த வழி தெரியாமல் வாயிலை அடைத்துப் பயனில்லை. எங்கள் காரில் ஏரியலைக் கழற்றியதும் அமைதி நிலவியது.

மூன்றாவது சோதனை: டிரான்சிஸ்டர் பெட்டியைக் கையில் ஏந்தி, நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் அதன் முள்ளை வைத்து, காரைச் சுற்றி நடக்க வேண்டும். பானெட்டைத் திறந்து பெட்டியைக் கொண்டு சென்றபோது, விளக்குக்கும் டிரைவர் டப்பாவுக்கும் இடைப்பட்ட வயரிலும், அங்கிருந்து பாட்டரிக்குச் செல்லும் வயர் நெடுகிலும் இரைச்சல் உரத்துக் கேட்டது. அப்பால் செல்லச் செல்லக் குறைந்தது. பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பியபோது ஒரு திசையில் ஒலி தேய்ந்து போனதை மாணவர்கள் வியப்போடு கண்டனர். உள்ளேயிருக்கும் பெரைட் கம்பியே மத்திய அலைக்கு ஏரியல். அது திசையறியும் தன்மையுடையது.

இனிப் பரிகாரங்களைச் சொல்கிறேன். செலவில்லாததை முதலிலும், செலவுள்ளதைப் பின்னும் செய்வது நலம். தொடங்குமுன் பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

முதலாவது, எர்த். ஏரியலின் அடிப்பகுதி காரின் உடலோடு உலோகத்திற்கு உலோகமாகச் சேர்ந்திருக்க வேண்டும். இடையில் பெயிண்டோ துருவோ இருந்தால், ஏரியல் வயரின் மேலுறை தன் காவலை இழந்து தானே இரைச்சலைப் பிடிக்கும். எங்கள் காரில் ஏரியலின் நட்டுக்கு அடியில் துரு மண்டியிருந்தது. அதைச் சுரண்டி இறுக்கியதுமே இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. டிரைவரின் உலோகக் கூட்டையும் அவ்வாறே அருகிலுள்ள காரின் உடலோடு இணைக்கலாம்.

இரண்டாவது, வயர் செல்லும் பாதை. போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், ஒன்றின் காந்தப் புலத்தை மற்றொன்று அழிக்கும். டிரைவருக்குச் செல்லும் வயரை ஏரியல் வயருக்குப் பக்கத்தில் கொண்டு போகக் கூடாது.

மூன்றாவது, பெரைட் வளையம். டிரைவருக்கு மிக அருகில், போகும் வயரையும் திரும்பும் வயரையும் சேர்த்தே ஒரு வளையத்தினுள் நுழைக்க வேண்டும். விளக்குக்குரிய நேர்மையான ஓட்டம் போய்த் திரும்புவதால், வளையத்தினுள் அதன் விளைவு சரிக்குச் சரியாக நீங்கிவிடும். வளையம் அதைத் தடுக்காது. இரு வயர்களிலும் ஒரே திசையில் ஓடி வெளியே தப்பப் பார்க்கும் திருட்டு ஓட்டத்தை மட்டுமே அது தடுக்கும். வயரை ஒரு தடவை நுழைப்பதற்குப் பதிலாக மூன்று சுற்றுச் சுற்றினால் தடை மூன்று மடங்கன்று, ஏறக்குறைய ஒன்பது மடங்காகும். சுருளின் தூண்டல் சுற்றுகளின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மத்திய அலை இரைச்சலுக்கு மாங்கனீசு-துத்தநாக பெரைட்டும், பண்பலை இரைச்சலுக்கு நிக்கல்-துத்தநாக பெரைட்டும் ஏற்றவை. இது தெரியாமல் கைக்குக் கிடைத்த வளையத்தை மாட்டிவிட்டுப் பயனில்லை என்பார் பலர்.

நான்காவது, மின்தேக்கி. மெக்கானிக்குகள் இதனைக் கண்டென்ஸர் என்பார்கள். டிரைவரின் நுழைவாயிலில் இரு வயர்களுக்கிடையே இதைச் சேர்த்தால், வெட்டுப்பட்ட ஓட்டம் நீண்ட வயர் வழியே பாட்டரி வரை அலையாமல், அங்கேயே சுற்றி முடிந்துவிடும். அதன் கால்கள் மிகக் குறுகியவையாக இருக்க வேண்டும். நீண்டால் அவையே ஏரியலாகிவிடும்.

இவை தவிர, செய்யக் கூடாதவை இரண்டு. பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சொருகக் கூடாது. எல்.இ.டி. வேண்டாம் என்று எண்ணி 100 வாட் இழை பல்பைப் பழைய வயரிலேயே மாட்டவும் கூடாது. 5 ஆம்பியருக்கென்று அமைந்த வயரில் 8 ஆம்பியருக்கு மேல் பாய்ந்தால், ஹோல்டரும் உருகும், விளக்கின் கிண்ணமும் கெடும்.

இத்தனையும் செய்தபின் எங்கள் காரில் பண்பலை தெளிவடைந்தது. மத்திய அலையில் சீழ்க்கை மிகவும் தேய்ந்தது, அடியோடு நீங்கவில்லை. மலிவாகச் செய்யப்பட்ட டிரைவரில், உள்ளேயே இருக்க வேண்டிய வடிகட்டியை விட்டுவிட்டிருந்தால், வெளியிலிருந்து அந்தக் குறையை முழுதும் ஈடு செய்ய இயலாது.

அப்போது ஒரு மாணவர், "ஐயா, காரில் வானொலியே கேளாதவருக்கு இதனால் என்ன நஷ்டம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்ல, விளக்கின் இன்னொரு தொல்லையைப் பார்க்க வேண்டும்.

இழை பல்புக்கென அமைந்த விளக்கின் கிண்ணம், இழை இருக்கும் அந்த ஒரே இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அந்த இடத்தில் வேறு வடிவமும் பருமனும் உள்ள எல்.இ.டி.யை வைத்தால் ஒளி உரிய இடத்தில் விழாமல் மேலே சிதறலாம். எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கலாம். டிம் செய்தும் எதிரில் வருபவர் கூசி நிற்பதன் காரணம் இதுவே. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உடைய ஒருவரைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. விளக்கின் கூண்டு எந்த வகை பல்புக்கெனச் சான்று பெற்றதோ, அந்த வகைக்கே அச்சான்று பொருந்தும் என்பதையும் மறக்கலாகாது.

கண்ணைக் கூசச் செய்யும் ஒளியை எதிரில் வருபவர் உணர்ந்து கொள்கிறார், கடிந்தும் கொள்கிறார். வானொலி இரைச்சலோ கண்ணுக்குத் தெரியாத கூச்சம். அது நம் காரோடு நிற்பதன்று. அருகில் நிற்கும் ஆம்புலன்ஸிலோ, போலீஸ் வண்டியிலோ தொலைவிலிருந்து மெலிந்து வரும் ஒரு குரலை அது விழுங்கக் கூடும். இது வெறும் கற்பனையன்று. கப்பல்களிலும் படகுகளிலும் பொருத்திய எல்.இ.டி. விளக்குகள், ஆபத்தில் உதவி கோரும் வானொலித் தொடர்பைக் கெடுக்கின்றன என்று அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2018-இல் எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு துறைமுகத்தில், மீட்புப் பணி நிலையம் ஒரு கப்பலை வானொலியில் அழைத்தும் தொடர்பு கொள்ள முடியாமற் போனதை அதில் எடுத்துக் காட்டியிருந்தது.

இதற்காகவே 1934-இல் பாரிஸ் நகரில் உலக நாடுகள் கூடி, வானொலி இடையூற்றை ஆராயும் சிஸ்பர் என்னும் தனிக் குழுவை நிறுவின. அதன் நியமங்களில் 25-ஆவது, காருக்குள்ளிருக்கும் வானொலியைக் காப்பது. 12-ஆவது, காருக்கு வெளியே இருப்பவர்களின் வானொலியைக் காப்பது. தன் வீட்டாருக்கு ஒரு நியமமும் அயலாருக்கு ஒரு நியமமும் வகுத்திருப்பது கவனிக்கத் தக்கது. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. விளக்குடன் வரும் கார்கள் இத்தகைய சோதனைகளைக் கடந்தே வருகின்றன. அவற்றின் விளக்குக் கிண்ணமும் அந்த டையோடுக்கென்றே அமைந்தது. ஆகவே குறை எல்.இ.டி.யினுடையது அன்று. வடிகட்டி இல்லாமல் அதைச் செய்வதும், அதற்குரியதல்லாத இடத்தில் வைப்பதுமே குறை.

நாங்கள் சோதித்த காரின் சொந்தக்காரர், இரவில் 8 மீட்டர் முன்னே நின்று தம் விளக்கைத் தாமே ஒரு முறை பார்த்தார். மறுநாள் பழைய பல்புகளையே மாட்டிக்கொண்டார். மங்கியிருந்த கண்ணாடியைத் துடைத்து, விளக்கின் சாய்வைச் சரிசெய்து, துருப்பிடித்த எர்த்தைப் புதுப்பித்ததில், பழைய பல்பே போதிய வெளிச்சம் தந்தது.

மாணவர்களே, சாலை எப்படிப் பொதுவோ, அப்படியே வானும் பொது. ஒரு விளக்கை வாங்கும்போது, அது எனக்கு எவ்வளவு வெளிச்சம் தரும் என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். எதிரே வருபவர் கண்ணுக்கும், எங்கோ ஒரு குரலுக்காகக் காத்திருப்பவர் காதுக்கும் அது என்ன செய்யும் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கும் விடை காணக் கையடக்கமான ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியும், எட்டு மீட்டர் நடந்து சென்று திரும்பிப் பார்க்கும் பொறுமையும் இருந்தால் போதும்.